பத்து வாக்கியத்தில் இல்லாதது

அந்தச் சலவை நிலையத்தில் கண்காணிப்பாளரை நேரில் எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தலை மறைந்ததும் 'பச்சை மை'. யார் வைத்த பெயரோ, நன்றாகவே ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பச்சைப் பேனாக்கள் இருக்கும். ஒன்று தீர்ந்துபோகிற நேரம் பார்த்து யாராவது ஆங்கிலத்தில் தப்புச் செய்துவிட்டால் என்ன ஆவது என்ற முன்யோசனைதான்.

அவர் காதுக்கு ஆகாத வார்த்தைகள் என்று ஒரு பட்டியலே உண்டு. யாராவது 'ரிவர்ட் பேக்' என்றால், 'ரிவர்ட்'டுக்குள்ளேயே 'பேக்' இருக்கிறதே என்று அவருக்குப் பல் கூசும். 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் முகம் வேப்பங்காயைக் கடித்ததுபோல் ஆகிவிடும். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்துக் கை நீட்டுகிறவனின் கை ஒரு நொடி அந்தரத்தில்தான் நிற்கும். ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், "அப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாருங்க" என்று அழுத மகனிடம், "மருந்துதாங்க எக்ஸ்பயர் ஆகும்" என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனாலும் தான் சொன்னது சரிதான் என்ற திருப்தி அவர் முகத்தைவிட்டுப் போகவில்லை.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. விடுப்பு கேட்டால் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் விடுப்புக் கடிதத்தில் 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதியிருந்தால், 'சின்ஸ்'ஸை அடித்து 'ஃபார்' போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டதாக ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஐந்து மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் எட்டு விடுதிகளின் துண்டுகளும் அங்கேதான் வெளுப்புக்கு வந்தன. தள்ளுவண்டிகளில் மலைமலையாக வரும். வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரங்களில் துவைத்து, பிழிந்து, கடைசியில் இஸ்திரிக் கூடத்துக்குப் போகும். அந்தக் கூடத்தின் நடுவே நீளமான சூட்டு உருளை. இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து உருளையின் வாயில் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் அது காய்ந்து, சுருக்கமில்லாமல், தொட்டால் கை சுடுகிற சூட்டோடு வெளியே வரும். உருளையின் வாய்க்கு முன்னால் குறுக்காக ஒரு சிவப்புக் கம்பி. கை தவறி உள்ளே போனால் முதலில் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்த உடனே உருளை நின்றுவிட வேண்டும். தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மரக்கட்டையால் கம்பியைத் தட்டி, நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஏனென்றால் வேறொரு நகரத்தில் இருந்த தலைமை அலுவலகத்தாருக்கு அது ஒன்றுதான் படிக்க வரும். ஒவ்வொரு கூடத்தின் நோட்டும் மாலையில் கண்காணிப்பாளரின் மேசைக்கு வரும். அவர் படித்துக் கையெழுத்துப் போடுவார். பழுது ஏதாவது இருந்தால் அதைத் தனிச் சீட்டில் எழுதி மெக்கானிக்குக்கு அனுப்புவார். சீட்டு இல்லாமல் மெக்கானிக் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். தொட்டால் அவர் வேலை போய்விடும்.

இதில் கண்காணிப்பாளர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது இரண்டு. ஒன்று, நோட்டு முழுக்கப் பச்சை மையால் திருத்துவது. இன்னொன்று, அந்த வாரத்தின் சிறந்த தவறுகளைத் திங்கட்கிழமை காலையில் வாசல் பலகையில் எழுதிப்போடுவது. 'இந்த வார முத்துகள்' என்று தலைப்பு. அடியில் எந்தக் கூடம் என்று மட்டும் இருக்கும். கூடத்தைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரிதான், கூடத்துக்கு ஒருவர்தானே நோட்டு எழுதுகிறார்கள்.

இஸ்திரிக் கூடத்துக்கு எழுதுகிறவள் அதன் பொறுப்பாளரான இஸ்திரி அக்கா. பத்தொன்பது வருடமாக அந்த உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவள். அவளுடைய ஆங்கிலம் சோப்புத்தூள் பீப்பாயின் மேல் இருந்ததையும், இயந்திரத் தகட்டில் இருந்ததையும், மகளின் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்ததையும் எழுத்துக்கூட்டிச் சேர்த்த ஆங்கிலம். மற்றவர்கள் நோட்டில் இரண்டு வார்த்தை கிறுக்கிவிட்டு நழுவிவிடுவார்கள். இவள் அப்படி இல்லை. எதைப் பார்த்தாளோ அதை முழுசாக எழுதுவாள், அரைப் பக்கத்துக்கு. பலகையில் பாதி இடம் அவளுக்குத்தான். "பத்து வார்த்தையில் பதினோரு தப்பு" என்று கண்காணிப்பாளர் சொல்வார். மதியம் சாப்பிடும்போது துவைக்கிற ஆட்கள் அவளுடைய வரிகளை ராகம் போட்டுச் சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது.

ஒரு நாள் கண்காணிப்பாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. தப்பே இல்லாத பத்து ஆங்கில வாக்கியங்களை எழுதி, அச்சடித்து, ஒவ்வொரு நோட்டின் உள்ளட்டையிலும் ஒட்டினார். 'செக்ட். ஃபவுண்ட் சாடிஸ்ஃபேக்டரி', அதாவது பார்த்தாயிற்று, திருப்தி என்பது முதல் வாக்கியம். 'வொர்க் கம்ப்ளீட்டட் ஆஸ் ஷெட்யூல்ட்' என்பது இரண்டாவது. இப்படியே பத்து. எல்லாக் கூடத்தாரையும் கூப்பிட்டு, "இனிமே இதைப் பார்த்து எழுதுங்க. இதுக்கு வெளியே போக வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து நோட்டுகள் பளிச்சென்று ஆகிவிட்டன. பச்சை மைக்கு வேலையே இல்லை. பலகையிலும் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து, 'உங்கள் நிலையத்தின் பதிவேடுகள் மற்ற நிலையங்களுக்கு முன்மாதிரி' என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்திலும் ஒரு கமா தப்பு இருந்தது. ஆனாலும் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கடிதம் வந்த பத்தாம் நாள், காலை பத்தரை மணிக்கு, இஸ்திரிக் கூடத்தின் இரைச்சல் திடீரென்று நின்றது. இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அந்தச் சத்தம் நின்று அவர் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது இஸ்திரி அக்கா சுவரோரம் பெரிய மின்விசையைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உருளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவன் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தான். உலர்த்தும் கூடத்தில் வேலை செய்கிறவன், அன்றைக்கு உருளையில் ஓர் ஆள் வரவில்லை என்று மாற்றி அனுப்பியிருந்தார்கள். சுருண்டுகொண்ட விரிப்பின் மூலையை நீவிவிடப் போயிருக்கிறான். கை கம்பியில் இடித்திருக்கிறது. உருளை உடனே நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும், மற்றவற்றைப் போகப்போகப் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

மனைவி தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"அந்தம்மா தினமும் அந்த மெஷின் பக்கத்துலதானே நிக்கிறாங்க? கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் முத்தா உதிர்ந்திருக்கும்? சும்மா விடாதீங்க அவங்களை."

அவருக்கும் அதே கோபம்தான் இருந்தது. நிலையத்தின் மேனேஜர் நோட்டைக் கொண்டுவரச் சொன்னபோது அவரே கையோடு எடுத்துக்கொண்டு போனார். புது நோட்டு. முதல் பக்கத்திலிருந்து இருபத்துமூன்று நாளும் ஒரே வாக்கியம், 'செக்ட். ஃபவுண்ட் சாடிஸ்ஃபேக்டரி'. அடியில் இஸ்திரி அக்காவின் கையெழுத்து. அதற்கும் அடியில் அவருடையது.

"விபத்து நடந்த அன்னைக்குக் காலையிலயும் திருப்தின்னுதான் எழுதியிருக்காங்க" என்றார் மேனேஜர். "இதுக்கு மேல என்ன வேணும்? தலைமை அலுவலகத்துல இருந்து வியாழக்கிழமை விசாரணைக்கு வர்றாங்க. நீங்க ஒரு அறிக்கை எழுதிடுங்க சார். உங்க இங்கிலீஷ்ல எழுதினா அப்புறம் யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. அந்தம்மாவை அன்னைக்கே அனுப்பிடலாம்."

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பதுதான் முறை. கூப்பிட்டார். அவள் மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"தினமும் கம்பியைத் தட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"நின்னுதா?"

"உடனே நிக்கல. ஒரு சுத்து சுத்திட்டுத்தான் நிக்கும். எங்க ஆளுங்ககிட்ட எல்லாம் கம்பியை நம்பாதீங்கன்னு சொல்லிவெச்சிருந்தேன். தம்பி அன்னைக்குப் புதுசு. அவன்கிட்ட சொல்றதுக்குள்ள வண்டி வந்துடுச்சு, இறக்கப் போயிட்டேன்."

"நிக்கலன்னு தெரிஞ்சும் திருப்தின்னு எழுதினீங்களா?"

அவள் நோட்டின் உள்ளட்டையைப் பார்த்தாள். "அந்தப் பத்துல இதுக்கு ஒண்ணும் இல்லியே சார்."

அவருக்குச் சுரீர் என்றது. "இல்லைன்னா வந்து சொல்லணும். வாய் இல்லையா?"

"எழுதியிருந்தேன் சார். பழைய நோட்டுல, இந்தத் தாள் ஒட்டுறதுக்கு முன்னாடி." உள்ளட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். "விடுங்க சார். தப்பு என் பேர்லதான். எழுதிக்கோங்க."

அவள் போன பிறகு அவர் அறிக்கையை ஆரம்பித்தார். முதல் பத்தி தங்குதடை இல்லாமல் வந்தது. இரண்டாவது பத்தியில், 'பழுதைப் பற்றி அவர் ஒருபோதும் தெரிவிக்கவில்லை' என்ற இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. சரிபார்க்காமல் எழுதுவது அவருக்கு ஆகாது. அது நல்ல பழக்கம்தான், அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. எழுந்து அலமாரியைத் திறந்து, முடிந்துபோன நோட்டுகளுக்கு நடுவிலிருந்து இஸ்திரிக் கூடத்துப் பழைய நோட்டை உருவினார்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது. 'சேஃப்டி பார் நாட் ஸ்டாப்பிங் இமீடியட்லி. ஆஃப்டர் டச் ஆல்ஸோ ரோலர் இஸ் கோயிங் கோயிங். ஒன் டே இட் வில் ஈட் சம்படி ஹேண்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக்.'

கம்பி உடனே நிறுத்தவில்லை, தொட்ட பிறகும் உருளை ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒருநாள் அது யார் கையையாவது தின்னப்போகிறது, தயவுசெய்து ஏதாவது செய்து எனக்குப் பதில் சொல்லுங்கள். இவ்வளவுதான். குழந்தைக்குக்கூடப் புரியும்.

வரிகளுக்கு மேலும் கீழும் பச்சை. 'நாட்'டுக்கு முன்னால் ஒரு 'இஸ்'. 'கோயிங் கோயிங்'கில் ஒன்றை அடித்திருந்தார். 'நீட்ஃபுல்'லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஆச்சரியக்குறி. 'பேக்'கின் மேல் இரண்டு கோடு, ஒரு கோடு போதவில்லை போல. 'சம்படி ஹேண்ட்' என்பதில், கை யாரோ ஒருவருடையது என்று விளங்குவதற்காக ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தார். கீழே அவருடைய கையெழுத்து, தேதியோடு. சீட்டு எழுதியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. எழுதவில்லை.

எப்படி எழுதாமல் விட்டோம் என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த வரியைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திருத்தினார். திருத்தி முடித்த கையோடு பலகைக்காக ஒரு தாளில் நகல் எடுத்தார். மணி ஐந்தாகிவிட்டது, நோட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது அந்தத் தாளை எடுத்து வீட்டில் படித்தும் காட்டினார். மறுநாள் காலையில் எழுந்ததும் அந்தப் பத்து வாக்கியங்களை எழுத உட்கார்ந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது.

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தம்பிக்குக் கொண்டுபோன பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அறிக்கை எழுதிட்டீங்களா?"

"பாதி எழுதினேன்." நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். "இதைப் பாரு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். உதடு அசைய அசையப் படித்தவள், பாதியில் நிமிர்ந்தாள்.

"இது நீங்க அன்னைக்கு சாப்பிடும்போது படிச்சுக் காட்டினது."

"ஆமா."

"தம்பிதான் ரொம்பச் சிரிச்சான். புரை ஏறிப்போய் நான் தலையில தட்டினேன். ரெண்டு நாளா 'ஈட் சம்படி ஹேண்ட்'னு சொல்லிக்கிட்டே மாடிப்படி ஏறினான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும்தானே சிரிச்சேன்" என்றாள். பிறகு, "இன்னைக்கு அந்தம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாங்க. ஏதோ பழம் வாங்கிக்கிட்டு வந்திருந்தாங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

"உனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எனக்கு ஆபரேஷன் ஆனப்ப உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பயமா இருக்குன்னு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். ஞாபகம் இருக்கா? அதுல ஒரு எழுத்து தப்புன்னு திருத்தித் திருப்பி அனுப்பினீங்க. அதைப் பார்த்துக்கிட்டேதான் உள்ள போனேன்."

அவருக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்லவும் தைரியம் இல்லை.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல."

"அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. யாரோ சொல்லி அவன் கேக்க வேண்டாம்." எழுந்து மறுபடியும் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. விசாரணைக்குப் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. கண்காணிப்பாளர் ஒன்பது மணிக்கே மேனேஜரின் அறைக்குப் போய்ப் பழைய நோட்டைக் காட்டினார். மேனேஜர் வயதில் சிறியவர், நல்ல கெட்டிக்காரர். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், இதை எடுத்து நீட்டினா கத்தி உங்க கழுத்துக்குத்தான். ஓய்வுபெற உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"நோட்டு நோட்டுதானே. கிழிக்க முடியுமா?"

"கிழிக்க யார் சொன்னா? தாராளமா வைங்க. ஆனா ஒண்ணு." மேனேஜர் அந்த வரியைச் சுட்டிக் காட்டினார். "இது என்ன பாஷை? இதைப் படிச்சா தலையும் புரியல, வாலும் புரியல. மெஷின் எதையோ சாப்பிடுதுங்கிறாங்க. என்ன சொல்ல வர்றாங்கன்னே விளங்கலன்னு நீங்க சொல்லுங்க. இங்கிலீஷ்ல உங்களை மிஞ்சி இந்தக் கட்டடத்துல யாரு? நீங்க புரியலன்னு சொல்லிட்டா அப்பீலே கிடையாது."

கண்காணிப்பாளர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அப்படிச் சொல்லலாமே என்று அவர் மனம் ஒரு கணக்குப் போட்டது, பொய் சொல்வானேன். எத்தனையோ வருடம் அந்தப் பலகையில் எழுதி எழுதி எல்லோரையும் நம்பவைத்திருக்கிறார், அவளுக்கு ஆங்கிலம் வராது என்று. இன்னும் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வேலை தப்பும். மைத்துனனிடம் எதுவும் சொல்ல வேண்டி வராது. மனைவிக்குத் தெரியும்தான், ஆனால் மனைவி என்ன நீதிமன்றமா ஏறப்போகிறாள். பதினொரு மணிவரை இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

விசாரணைக்கு வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கூட ஓர் உதவியாளன், குறிப்பெடுக்க. மேனேஜரின் அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். இஸ்திரி அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்புக்குப் பதிலாக வெளியே போகும்போது உடுத்துகிற உடுப்பில் வந்திருந்தாள். அவ்வளவு பேருக்கு நடுவில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் கோத்து வைத்திருந்தாள்.

விசாரணை அதிகாரி புது நோட்டைப் புரட்டினார். இருபத்துமூன்று நாள் கையெழுத்தையும் பார்த்தார். அக்காவிடம் கேட்டார். அவள், "தப்பு என்னோடதுதாங்க மேடம்" என்றாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். உதவியாளன் எழுதிக்கொண்டான்.

"இதுக்கு முந்தைய நோட்டு ஒண்ணு இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.

மேனேஜர் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், நினைவிருக்கிறதல்லவா என்பதுபோல. கண்காணிப்பாளர் நோட்டை விரித்து அதிகாரியிடம் நீட்டினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பச்சைத் திருத்தங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கையெழுத்தில் நிறுத்தினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுடையதுதான்."

"திருத்தினதும் நீங்கதானா?"

"நான்தான்."

மேனேஜர் கனைத்தார். "மேடம், நடுவுல குறுக்கிடுறேன். இந்த வாக்கியங்களைப் பாருங்க, எவ்வளவு குழப்பமா இருக்கு. மொழி அப்படி இருக்கும்போது படிக்கிறவங்களுக்கு விஷயம் போய்ச் சேர வாய்ப்பே இல்ல. சார் இதை விளக்குவார்."

அதிகாரி கண்காணிப்பாளரைப் பார்த்தார். "இந்த வரி உங்களுக்குப் புரியலையா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோத்த கைகளின் பெருவிரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. பத்து விரலும் இருந்தன. பத்தொன்பது வருடம் அந்த உருளைக்கு முன்னால் நின்று பத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

"புரிஞ்சுதுங்க" என்றார். மறுபடியும் சொன்னார். "ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது. புரியாம எப்படித் திருத்த முடியும்?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதவியாளன் எழுதுவதை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தான். எழுதிக்கொள் என்று அவர் கையைக் காட்டினார்.

"அந்தம்மா எழுதினாங்க, நான் படிச்சேன்" என்றார் கண்காணிப்பாளர். "சீட்டு எழுத வேண்டியது என் வேலை. எழுதல. அப்புறம் இந்த மாதிரி யாரும் எழுதக் கூடாதுன்னு தாள் ஒட்டினதும் நான்தான். அடிபட்டவன் என் சம்சாரத்தோட தம்பி. இதுக்கு மேல அந்தம்மாவைக் கேக்க ஒண்ணும் இல்லைங்க."

அப்போதுதான் இஸ்திரி அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"புரிஞ்சுதா சார்?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுதும்மா."

"நான் எழுதினது உங்களுக்குப் புரியலன்னு நினைச்சுட்டேன் சார்." அவள் முகத்தில் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவளின் நிம்மதி வந்தது. கண் நிறைந்துவிட்டது. "நாலு எழுத்து ஒழுங்கா எழுதத் தெரிஞ்சிருந்தா அந்தத் தம்பி விரல் போயிருக்காதேன்னு இத்தனை நாளா சோறு இறங்கல. என் மக பழைய புத்தகத்தை எல்லாம் எடுத்து வெச்சு, வேற எப்படி எழுதியிருக்கணும்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அவரால் அந்த நிம்மதியைப் பார்க்க முடியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர், அதற்குத் தயாராகவும் இருந்தவர். அவள் விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கையைக் கீழே இறக்கி அவரையே பார்த்தாள்.

"புரிஞ்சுதுன்னா, அப்புறம் ஏன் சார்?"

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.